பதினொன்றரை மணித் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டி, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அப்ப ஒரு முடிவுக்கு வருவோம்" என்று சொல்லக் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். பெயர் சவரிராஜ். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை, பெர்மனென்ட். எங்கள் பிளாக்கில் ஒரு மனமகிழ் மன்றம் உண்டு. மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கேரம் போர்டும் இருபது குடும்பமும்தான். அதற்கு இவர் செயலாளர்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் மே தினத்துக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் வெளியே போய்வருவது என்று ஆனது. எங்கே போவது என்பதில்தான் இழுபறி. பிச்சாவரம் போன வருஷமே பார்த்தாயிற்று. கடலூர் சில்வர் பீச் அதற்கு முந்தின வருஷம். இதைப் பேச எங்கள் வீட்டு ஹாலில் மூன்று கூட்டம் நடந்தது, மூன்றுக்கும் நான்தான் டீ போட்டேன். மூன்றாவது கூட்டத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜானகியம்மாள் எடுத்துக் கொடுத்தார்.

"ரெஜினா ஊர்ல மே ஒண்ணாந்தேதி ஆத்துல படகுப் போட்டி நடக்குமாம். துடுப்பு போட்டுப் போறதாம். அதப் பாக்கப் போலாமே."

ஃபோர்மேன் கண்ணையன் டம்ளரைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் மேலே இருப்பவர் அவர். வண்டி ஏற்பாடும் அவர் பொறுப்பு. "அட, நல்லாருக்கே. சவரி, நீ சொல்லவே இல்லியேப்பா உங்க மாமியார் ஊர்ல இப்படி ஒண்ணு நடக்குதுன்னு" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் சூசையப்பர் துறை. பரங்கிப்பேட்டைக்குப் பக்கம், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் முப்பது வீடு. மே ஒன்றாம் தேதி சூசையப்பர் திருவிழா. அன்றைக்கு ஆண்கள் படகுப் போட்டி வருஷா வருஷம் நடக்கும். அந்த வருஷம்தான் முதல்முதலாகப் பெண்களுக்கும் வைத்தார்கள், நடத்துகிறவர்களில் என் தம்பி சைமன்ராஜும் ஒருவன். நாலு படகு, படகுக்குத் துடுப்பு போட ஆறு பேர், பின்னால் திசை பிடிக்க ஒருத்தி. என் தங்கை ஏஞ்சலின் மார்ச் மாதமே போன் செய்துவிட்டாள்.

"கட்டிக் குடுத்த பொண்ணுங்களும் வரலாம்னு சொல்லிட்டாங்கக்கா. எங்க படகுல அஞ்சு பேரு ஆயிட்டோம். ஆறாவது துடுப்பு உனுக்குத்தான். நீ வரலன்னா படகு கெடையாது, பாத்துக்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் அப்பா தோணிக்காரர். ஊருக்குப் பாலம் வருவதற்கு முன்னால் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றி இறக்குவது அவர் வேலை. பத்து வயதிலிருந்து நானும் துடுப்பு போட்டிருக்கிறேன். அவருக்கு முடியாத நாளில் தோணி நின்றது கிடையாது, நான்தான் ஓட்டினேன். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பதினைந்து வருஷத்தில் துடுப்பைத் தொடவே இல்லை. இங்கே குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நான் பார்த்ததில்லை.

இரவு சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். இவர் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். பதினைந்து வருஷம் குடித்தனம் பண்ணியும் அது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள், என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாவது கூட்டம் நேரம் குறிக்க. டவுன்ஷிப்பில் கல்யாணமோ கருமாதியோ எதைப் பேசினாலும் முதலில் ஷிப்ட் சார்ட்டைத்தான் விரிப்பார்கள். விரித்தார்கள். மே ஒன்றாம் தேதி கண்ணையனுக்கு முதல் ஷிப்ட், காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. இன்னும் ஆறேழு பேருக்கும் அதே ஷிப்ட்தான்.

"அப்ப ரெண்டேகாலுக்கு வண்டிய எடுத்தா நாலு மணிக்குத் தொறையில இருக்கலாம்" என்றார் இவர். நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்.

நான் டீத்தட்டோடு நின்றிருந்தேன். "நாலு மணிக்குப் போனா சேறுதாங்க இருக்கும்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். எங்கள் ஆறு கடல் சொல்கிறபடி ஏறும், இறங்கும். பௌர்ணமியன்று காலை எட்டரைக்குத் தண்ணீர் நிறையும். அடுத்தடுத்த நாள் முக்கால் முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும். சித்ரா பௌர்ணமி கழிந்து நாலாம் நாள் மே ஒன்று. அப்படியென்றால் பதினொன்றரை. அந்த நேரத்தில்தான் ஆற்றின் நடுவில் இருக்கிற மணல் திட்டு முழுகும், படகு அதன்மேல் போகும். மதியத்துக்கு மேல் வடிய ஆரம்பித்தால் நாலு மணிக்குத் திட்டின்மேல் நாய் படுத்திருக்கும்.

"வெயில்ல எவனாவது படகு வலிப்பானா? போட்டின்னாலே சாயங்காலம்தான்" என்றார் இவர்.

பழனிவேல் என்று ஒருவர், எலக்ட்ரிக்கல் பிரிவு. "உங்க தம்பிகிட்ட சொல்லி நாலு மணிக்கு மாத்தச் சொல்லுங்களேன். நாப்பத்தஞ்சு பேரு வர்றோம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாங்களா?" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உனக்கு நாளைக்கு வேலை இருக்கிறதா, உன் ஷிப்டை நான் பார்க்கிறேன், என் ஷிப்டை நீ பார் என்று ஒரு தாளில் இரண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதற்கு மியூச்சுவல் என்று பெயர். கல்யாணத்துக்கு மியூச்சுவல், காய்ச்சலுக்கு மியூச்சுவல்.

"தண்ணிக்கு மியூச்சுவல் போட முடியாதுங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணையன்கூடச் சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சரியான நேரத்த நான் போன் பண்ணிக் கேட்டுக்கறேன். நீ போயி டீ ஆறாம குடு" என்றார்.

ரெண்டு நாளில் நோட்டீஸ் வந்தது. இவர் கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். மைன்ஸில் லாக் புக் எழுதுவது இவர்தான், அந்தக் கையெழுத்துக்காகவே. அதில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். 'மதியம் 2.15 புறப்பாடு. மாலை 4.00 படகுப் போட்டி. செயலாளர் இல்லத்திலிருந்து புளிசாதம்.' புளிசாதம் என்று எழுதும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரத்தைக் கேட்டதற்கு, "போன் பண்ணேன். உன் தம்பியே சாயங்காலம்னு சொல்லிட்டான்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் திருவிழாவுக்குப் பங்குச் சாமியார் ஏதாவது மாற்றியிருப்பார், முதலில் பூசை, தேர், பிறகு போட்டி என்று வைத்திருப்பார், இரண்டாவது ஏற்றம் நடுராத்திரிதான் ஆனாலும் ஆற்றில் வேறு தண்ணீர் விட்டிருப்பார்களோ என்றெல்லாம் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொந்தப் புருஷன் பொய் சொல்வான் என்பதைவிட ஆறு மேல்நோக்கி ஓடும் என்று நம்புவது சுலபமாக இருந்தது.

ஏப்ரல் மாதம் நாலு ஞாயிற்றுக்கிழமையும் துறையில் ஒத்திகை. முதல் ஞாயிறு, இந்த நோட்டீஸ் வருவதற்கு முன்னாலேயே, போனேன். உள்ளங்கை கொப்பளித்தது, ஆனால் கை மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு இவருடைய அக்கா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வருகிறாள் என்றார். வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மன்றக் கூட்டம். நாலாவது ஞாயிறு இவருக்குத் தலைவலி. எனக்குப் பதிலாக ஏதோ ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்துப் பழகினார்கள். "போட்டியன்னைக்கு வந்துடு, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றாள் ஏஞ்சலின், குரலில் கொஞ்சம் வருத்தத்தோடு.

ஏப்ரல் முப்பதாம் தேதி சாயங்காலம், நாற்பத்தைந்து பேருக்குப் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு முடித்த என் மகள் ஜெசிந்தா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம ரெண்டே காலுக்குப் போனா நீ எப்பிடி போட்டில சேருவ?"

"சாயங்காலம்தானாம்டி. மாமா அப்பாகிட்ட சொல்லிச்சாம்."

"மாமா பதினொன்றன்னுதானே சொன்னாரு. நான்தானே போன எடுத்தேன். பொம்பளைங்க பதினொன்ற, ஆம்பளைங்க பன்னெண்டே கால்னாரு. அப்பா வாங்கி எழுதிக்கினாரே."

நான் அடுப்பை அணைத்தேன். ஹாலில் இயேசுவின் படத்துக்குக் கீழே ஆணியில் ஷிப்ட் சார்ட் தொங்கும். அதற்குப் பின்னால் தான் எழுதுகிற துண்டுச் சீட்டையெல்லாம் இவர் சொருகி வைப்பார். உருவிப் பார்த்தேன். கேஸ் நம்பர், எல்ஐசி, அப்புறம் அது. 'படகுப் போட்டி: பெண்கள் 11.30. ஆண்கள் 12.15.' அச்சடித்த மாதிரி கையெழுத்து. எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருந்தார்.

ஆறரை மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றுவதற்குள் சீட்டை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னாங்க?"

பார்த்தார். மறைக்கக்கூட இல்லை. சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் போட்டார். "தெரிஞ்சிடுச்சா. சரி, இப்ப என்னங்கற?"

"நாப்பத்தஞ்சு பேரு படகப் பாக்க வராங்க. அவங்கள சேத்தப் பாக்க இட்டுக்கினு போறீங்களே, அதக் கேக்கறேன்."

"திருவிழா இருக்கு. தேர் இருக்கு. கடைங்க இருக்கு. முன்னாடியே முடிச்சிட்டாங்கன்னு சொன்னா யாரு கேக்கப் போறாங்க?"

"எதுக்குங்க இந்தப் பொய்யி?"

அப்போதுதான் குரல் ஏறியது. "எதுக்கா? கண்ணையன் சார் சம்சாரம், பழனிவேல் சம்சாரம், அத்தன பேரும் கரையில நிப்பாங்க. நீ சீலைய முட்டிக்கு மேல வரிஞ்சி கட்டிக்கினு துடுப்பு போடுவ. நான் பக்கத்துல நின்னு கை தட்டணுமா? என் மாமனாரு போட் ஓனருன்னு சொல்லி வச்சிருக்கேன் எல்லார்கிட்டயும்."

"யாரு சொல்லச் சொன்னா உங்கள?"

"நான் பெர்மனென்ட் ஆயி பன்னெண்டு வருசம் ஆவுது. எனக்குன்னு ஒரு மரியாத இருக்கு இங்க."

 இந்த மனுஷன் என்னைப் பெண் பார்க்க வந்த நாள் கண் முன்னால் வந்தது. அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். அக்கரையில் ஐந்து பேர் வெற்றிலை பாக்குத் தட்டோடு நிற்கிறார்கள், கூப்பிட ஆளில்லை. நான்தான் தோணியை எடுத்துக்கொண்டு போனேன். நான்தான் பெண் என்று அவர்களுக்குத் தெரியாது. நடு ஆற்றில் இவருடைய அம்மா என்னிடம், "ஏம்மா, தோணிக்காரரு பொண்ணு எப்பிடி, நல்ல மாதிரியா?" என்று கேட்டார். "நல்ல மாதிரிதாங்க, கொஞ்சம் கோவம் வரும்" என்றேன். இவர் இரண்டு கையாலும் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இறக்கிவிட்டு, பின்பக்கமாக ஓடி, வேறு புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நின்றேன். இவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சரி என்றேன். அப்போது இவர் கான்ட்ராக்ட்.

"என்னை மொத மொத நீங்க பாத்ததே துடுப்போடத்தான்" என்றேன். "அது நெனப்பு இருக்கா?"

"அத யாருகிட்டயும் சொல்லிக்கினு திரியாத" என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. பதினைந்து வருஷமாக என் அப்பாவை இந்த வீட்டுச் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். நானும் டீ போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

விடிந்ததும் ஜெசிந்தாவை எழுப்பிக் கிளம்பினேன். புளிக்காய்ச்சலைச் சட்டியோடு மேடையில் வைத்தேன். பதினைந்து படி அரிசியை அண்டாவுக்குப் பக்கத்தில் மூட்டையாக வைத்தேன். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், தூங்கவில்லை என்று முதுகிலேயே தெரிந்தது.

"நான் போறேன். சோறு வடிச்சிக் கெளறிக்குங்க. உப்பு போட்டாச்சி."

"ரெஜினா, நீ போனின்னா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் நான் போயிருப்பேன்.

வடலூரில் ஒரு பஸ், புவனகிரியில் ஒரு பஸ், பரங்கிப்பேட்டையில் இறங்கி நடை. ஒன்பது மணிக்குத் துறையில் நின்றேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஏஞ்சலின் ஓடிவந்து என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பூ மாதிரி இருந்தது கை. அவள் கிழிந்த துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

பதினொன்றரைக்கு ஆறு கரை தளும்ப நின்றது. நாலு படகும் வரிசையாக நின்றன. சோற்றுக்கஞ்சி போட்ட புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நான் இடது பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சாமியம்மாள், என் கூடப் படித்தவள். பின்னால் ஏஞ்சலின் திசை பிடித்துக் கணக்குச் சொன்னாள். வேட்டுச் சத்தம் கேட்டதும் துடுப்பை இறக்கினோம்.

திட்டில் நட்ட மூங்கிலைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். மூங்கில் வரைக்கும் நாங்கள்தான் முதல். கோபத்தில் வலித்தேன். தண்ணீரையா வலித்தேன், இவருடைய லாக் புக்கை, நாற்காலியை, நாலு கூட்டத்தின் டீ டம்ளரை எல்லாம் சேர்த்து வலித்தேன். தோள்பட்டை எரிந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. கரையில் ஜெசிந்தா கத்துவது கேட்டது.

மூங்கிலைச் சுற்றும்போதுதான் அது நடந்தது. திரும்பும்போது உள்பக்கத்துக்காரர்கள் ஒரு எண்ணிக்கை துடுப்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். மூன்று ஞாயிறாக அதைத்தான் பழகியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் வலித்தேன், சாமியம்மாள் நிறுத்தினாள், என் துடுப்பு அவள் துடுப்பில் மோதிச் சிக்கியது. எடுத்துவிட்டோம், இரண்டு மூச்சு நேரம்தான். ஆனால் மேலத்தெருப் படகு பக்கத்தில் வந்துவிட்டது. கடைசி வரைக்கும் சரிக்குச் சரி வந்தோம். அவர்கள் படகு மூக்கு எங்களுக்கு ஒரு முழம் முன்னால் எல்லைக் கயிற்றைத் தொட்டது.

ஒரு முழம்.

கரையில் இறங்கியதும் ஏஞ்சலின் என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, இன்னும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழம வந்திருந்தீனா" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியிருக்கத் தேவையில்லை. அந்த வாக்கியம் எனக்கு முழுசாகவே தெரியும்.

முதல் பரிசு ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். இரண்டாம் பரிசு ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டு. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி நடுவில் எழுத்து வெட்டியிருந்தார்கள்.

நாலு மணிக்கு எங்கள் பிளாக் வண்டி பாலத்தைத் தாண்டி வந்து நின்றது. நான் கரையில்தான் இருந்தேன். தண்ணீர் வடிந்துபோய், படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அவற்றைத் தள்ளி மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். முழங்கால் வரைக்கும் சேறு. திட்டின்மேல் நிஜமாகவே ஒரு நாய் படுத்திருந்தது.

நாற்பத்தைந்து பேரும் புதுச் சட்டை, புதுப் புடவையோடு வரிசையாக இறங்கினார்கள். சவரிராஜ் முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "சீலைய எறக்கி வுடு, எல்லாரும் வராங்க" என்றார். கல்யாணத்துக்கு அப்புறம் எட்டிப் பார்க்காத என் ஊருக்குப் பதினைந்து வருஷம் கழித்து வந்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பின்னாலேயே கண்ணையன் வந்தார். "என்ன சவரி, ஆத்துல தண்ணியக் காணோமேப்பா?"

"அத ஏன் சார் கேக்கறீங்க" என்றார் இவர். "இவ தம்பி நேரத்தத் தப்பா சொல்லிட்டான்."

என் தம்பி சைமன்ராஜ் அங்கேதான் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறந்தான், பிறகு என்னைப் பார்த்து மூடிக்கொண்டான். மாப்பிள்ளை என்று மரியாதை. அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது.

சீட்டு என் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்தது. பாதி நனைந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. கண்ணையனிடம் கொடுத்தேன்.

"யாரு எழுதினதுன்னு பாருங்க சார்."

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகத் தினம் லாக் புக்கில் அந்தக் கையெழுத்துக்குக் கீழேதான் அவர் கையெழுத்துப் போடுகிறார். அவரிடம் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சீட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மியூச்சுவல் போட்டிருப்பேனேப்பா" என்றார் இவரிடம். "இந்த அம்மா அன்னைக்கே சொன்னாங்களே."

கண்ணையனின் மனைவி என் காலைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், ஜெசிந்தா மார்போடு அணைத்திருந்த தட்டைப் பார்த்தார். "நீங்களா படகு ஓட்டுனீங்க? உங்கப்பா போட் ஓனருன்னு சொன்னாங்களே."

"இல்லீங்க. எங்கப்பா தோணிக்காரரு. இவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ அக்கரையிலேருந்து இவர ஏத்திக்கினு வந்ததே நான்தான். கண்ண மூடிக்கினு உக்காந்திருந்தாரு."

முதலில் ஜானகியம்மாள்தான் சிரித்தார். பிறகு எல்லாரும். கேலியில்லை, ரசித்துத்தான் சிரித்தார்கள். கண்ணையன் மனைவி என் கையைப் பிடித்து, "எனக்கு அந்தப் படகுல ஒருவாட்டி உக்காரணுமே" என்று சேற்றில் செருப்போடு இறங்கிவிட்டார். இதற்குத்தான் இவர் பயந்தார். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் என் அப்பாவைப் பதினைந்து வருஷம் ஒளித்தார், என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றார். பயப்பட அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இவர் யாரோடும் சேரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் புளிசாத அண்டாவோடு நின்றார். சோறு குழைந்து களியாகிவிட்டதாம். ஜானகியம்மாள் போய் உதவியும் தேறவில்லையாம்.

திரும்பும்போது வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வண்டி வடலூர் தாண்டியது. பிறகு மெதுவாக, "இப்ப திருப்தியா உனக்கு?" என்றார்.

"இல்ல" என்றேன். "ரெண்டாவதுதான் வந்தோம்."

அவருக்குப் புரியவில்லை. நான் கையை விரித்துக் காட்டினேன். கொப்பளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் போன மானம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்கு அந்த ஒரு முழம் வேண்டும். அதை யார் தருவார்கள்? எந்த ஃபோர்மேன் எந்த மியூச்சுவலில் கையெழுத்துப் போட்டுத் தருவார்?

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவருக்குச் சாப்பாடு போட்டேன். புதுத் தட்டில் போட்டேன். சோறு, முருங்கைக்காய் சாம்பார், அப்பளம். சாப்பிட ஆரம்பித்தார். சோறு குறையக் குறைய எழுத்து தெரிய ஆரம்பித்தது. முதலில் 'சூசையப்பர் துறை', அப்புறம் 'மகளிர் படகுப் போட்டி', கடைசியில் சாம்பாரை வழித்த இடத்தில் 'இரண்டாம் பரிசு'. கை அப்படியே நின்றது.

"வூட்டுல வேற தட்டு இல்லியா?" என்றார்.

"இருக்கு" என்றேன். மோர் ஊற்றினேன்.

அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவருக்கு அந்தத் தட்டில்தான் சோறு.